வானத்திலிருந்து விழுந்த ரப்பர்

எங்கள் பேராசிரியருக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது. நான் மலாய் நாட்டைப் பார்த்ததற்கு அதுதான் காரணம். அவர் சென்னையில் ஒரு கல்லூரியில் மண்ணியல் சொல்லித்தரும் வெள்ளைக்காரர். நான் அவருடைய சோதனைச்சாலையில் உதவியாளன். கல்லை அறுப்பது, தேய்ப்பது, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது, பூதக்கண்ணாடியில் பார்த்து இன்னதென்று சொல்வது எல்லாம் என் வேலை. அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது அவர் வேலை. இந்தப் பங்கீட்டில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்ததே இல்லை.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வானத்திலிருந்து கரிய கல் ஒன்று விழுந்திருப்பதாகவும், அதற்குள்ளே ரப்பர் இருப்பதாகவும் அந்தத் தோட்டத்து மானேஜர் தந்தி கொடுத்திருந்தார். பேராசிரியர் காலையில் அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது முகம் மாறியிருந்தது. "ஒருவேளை நிஜமாக இருந்தால்?" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ போய்ப் பார். பொய்யாக இருந்தால் உன் பெயரில் அறிக்கை எழுது. நிஜமாக இருந்தால் எனக்குத் தந்தி அடி."

அவர் சிரிப்பு அடங்கியதற்கும் காரணம் உண்டு. வானத்திலிருந்து விழும் கற்களில் பெரும்பாலானவை இரும்பு கலந்த கெட்டிக் கற்கள். எப்போதாவது ஒன்று கரிக்கல்லாக விழும். தொட்டால் விரலில் மை ஒட்டும். தண்ணீரில் போட்டால் களிமண்ணாகக் கரையும். சூடாக்கினால் தார் வாசனை வரும். வானத்தில் தார் எப்படி வந்தது, அங்கே மரம் செடி உண்டா என்று ஐரோப்பாவில் பெரிய பெரிய மனிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். தார் வரலாமென்றால் ரப்பர் ஏன் வரக்கூடாது என்று பேராசிரியர் சாப்பிடும்போது யோசித்திருக்கிறார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஈப்போ ரயிலடியிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளை வெளேரென்று குவிமாடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏதோ ராஜாவின் அரண்மனைக்குள் ரயிலை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டேன். நம் எழும்பூரில் கூலிக்காரர்கள் மூட்டையைப் பிடுங்குவார்கள். இங்கே ரிக்‌ஷா இழுக்கும் சீனர் என்னையே பிடுங்கினார். போகவேண்டிய இடத்தைச் சொல்வதற்குள் பாதி தூரம் போய்விட்டோம். அது வேறு திசை.

செட்டியார்களின் கிட்டங்கி ஒன்றில் எனக்கு இடம் சொல்லியிருந்தார்கள். நீளமான கூடம், ஆளுக்கொரு கைப்பெட்டி, ஆளுக்கொரு பாய். பகலில் கடை, இரவில் படுக்கை. சமையற்காரர் காரைக்குடிக்காரர். காலையில் வெள்ளைப் பணியாரம் போட்டார். கடல் கடந்து வந்து இவ்வளவு நல்ல பணியாரம் சாப்பிடுவேன் என்று நினைக்கவில்லை. காப்பிக்குத்தான் சீனர் கடைக்குப் போகவேண்டியிருந்தது. அவர்கள் கொட்டையை வெண்ணெய் விட்டுக் கருக கருக வறுத்துக் கறுப்பாக ஊற்றித் தருகிறார்கள். முதல் நாள் அதைத் திட்டினேன். மறுநாள் தேடிக்கொண்டு போனேன்.

இந்த ஊரில் எதிர்ப்படும் தமிழர் எல்லாரும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். என் வயிற்றின்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், இரண்டு மூன்று பேருக்கு என்னென்ன சாப்பிட்டேன் என்று விவரமாகச் சொன்னேன். அப்புறம்தான் அது வணக்கம் சொல்வது போல என்று தெரிந்தது.

கிட்டங்கியின் மேலாள், நிதானமான மனிதர், நான் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டார். ரப்பர் விலை விழுந்து, ஏற்றுமதிக்குச் சர்க்கார் அளவு கட்டியிருந்த சமயம் அது. ஊர் முழுக்க ரப்பர் பேச்சுத்தான்.

"கல்லு மறுபடி விழுமா?" என்றார்.

"விழலாம்."

"எந்தத் தோட்டத்துல விழும்னு முன்கூட்டியே பாத்துச் சொல்ற ஆளு ஒங்க மெட்ராஸ்ல இருக்காகளா?"

இல்லை என்றேன். அப்புறம் அவர் என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மோட்டார் காரில் பீடோர் பக்கம் புறப்பட்டேன். காரோட்டி மாட் என்ற மலாய்க்காரர். சாலையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நின்றன. மண்ணியல்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நிறுத்தச் சொன்னேன். மாட் நிறுத்தவில்லை. தாப்பாவைத் தாண்டியதும் காரே நின்றது. சக்கரத்தில் காற்று இல்லை. ஒட்டுப்போடும் பெட்டியை ஈப்போவில் வைத்துவிட்டு வந்திருந்தார் மாட். எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் சாலையோரத்து ரப்பர் மரத்தில் கட்டியிருந்த மங்கிலிருந்து பாலை வழித்தார். ரப்பர்பால் பிடிக்கும் குவளையை இங்கே மங்கு என்கிறார்கள். டியூபில் தடவினார், ஊதினார், இன்னொரு முறை தடவினார். "இந்த நாட்டில் எது கிழிந்தாலும் மரம் வைத்தியம் பார்க்கும்" என்று மலாயில் சொல்லி, எனக்குப் புரியவில்லை என்று கண்டு அரைகுறைத் தமிழிலும் சொன்னார். வைத்தியம் இரண்டு மைல் தாங்கியது. மிச்ச தூரத்தை மாட்டுவண்டியில் போனேன். கார் எங்களுக்குப் பின்னால் கயிற்றில் வந்தது.

தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிராணி ராமையா என்னை வரவேற்றார். கணக்கும் எழுத்தும் அவர் பொறுப்பு. தந்தி கொடுத்த மானேஜர் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் எல்லாரும் பயப்படுவது அவருக்குத்தான். அவர் பயப்படுவது துரைக்கு மட்டும். "தொர பங்களாவுல காத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு நல்லா தமிழ் வரும். நீங்க இங்கிலீசுல பேசினா கோவம் வரும்" என்றார்.

துரைக்குத் தமிழ் வந்தது உண்மைதான். ஆனால் அவர் கற்றுக்கொண்ட தமிழ் முழுக்க ஏவல். வெட்டு, எடு, போ, வா, வாயை மூடு. மரியாதை செய்யவேண்டிய இடத்திலும் அவரிடம் இருந்தது அந்தச் சொற்கள்தான். "வா. உக்காரு. தின்னு" என்று அன்பாக உபசரித்துப் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் தின்றேன்.

பிறகு அலமாரியைத் திறந்தார். நெற்றாக முற்றிய தேங்காய் அளவுக்கு ஒரு கரிய கல். ஒரு மூலை உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் தேன் நிறத்தில் மெல்லிய இழைகள் தொங்கின. துரை ஓர் இழையைப் பிடித்து இழுத்து விட்டார். அது சுருண்டு திரும்பியது.

"பாரு" என்றார். "மேலே மரம். மேலே பால். கீழே விழு."

வானத்தில் ரப்பர் மரம் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். சிரிக்காமல் இருப்பதற்காக இன்னொரு பிஸ்கட் எடுத்தேன்.

மருந்துக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் எனக்கு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். உடைந்த மூலையின் தூளில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினேன். முதலில் குழாயின் சுவரில் நீர் முத்து கட்டியது. பிறகு தார் வாசனை. ஒரு துளித் தண்ணீர் விட்டேன், கரைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கரிய மாவுக்குள் கடுகுபோல உருண்டைகள். சந்தேகமே இல்லை, அசல் வானத்துக் கரிக்கல். இப்படி ஒன்றை அதுவரை நான் தொட்டதில்லை.

கல்லைத் திருப்பியபோது அதைவிடப் பெரிய அதிசயம் கிடைத்தது. புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில், ஓரங்கள் கூராக, ஒரு துண்டு உள்ளே பதிந்திருந்தது. கரிக்கல்லின் வகையே அல்ல. மணிகள் பருமனாக, நெருப்பில் உருகி ஆறினதுபோல இருந்தன. வேறெங்கோ உண்டான ஒரு கல், வேறெங்கோ உடைந்து, இந்தக் கரிக்கல் சேரும்போது இதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடுதிச் சோற்றில் கல் கிடந்தால் சமையற்காரனைத் திட்டுவோம். கல்லுக்குள் கல் கிடந்தால் எங்கள் துறையில் பதவி உயர்வு. நான் ஓடிப்போய்ப் பெரிய கிராணியை இழுத்துவந்து காட்டினேன்.

"இதுல கித்தா இருக்கா?" என்று கேட்டார். ரப்பரைத்தான் இங்கே கித்தா என்கிறார்கள்.

"இல்லை."

"அப்ப தொரகிட்ட சொல்லாதீங்க. அவருக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பர் விஷயத்துக்கு அரை மணிகூடத் தேவைப்படவில்லை. இழைகள் கல் முழுக்கப் பரவியிருக்கவில்லை. கல் விரிசல் விட்ட இடங்களில் மட்டும், ஏடு ஏடாக இருந்தன. ஓர் ஏட்டை முகர்ந்தேன். விறகுப் புகை வாசனை. வண்டியில் வரும்போது தோட்டத்துப் புகைக்கூடத்தைக் கடந்துதான் வந்தேன். பாலைத் தகடாக உருட்டிப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தும் கொட்டகை. அதே வாசனை. கல் மூன்று துண்டாக உடைந்திருக்கிறது. யாரோ ரப்பர்பால் விட்டு ஒட்டிப் புகை போட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். துண்டுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன. மூலை உதிராமல் இருந்தால் நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மத்தியானம் சோறு கொண்டுவந்தவள் அஞ்சலை. புகைக்கூடத்தில் வேலை செய்பவள். சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஐயா அந்தக் கித்தாவ மோந்து பாத்தீங்கன்னு மருந்துக்கொட்டாயில சொன்னாங்க."

"ஆமாம்."

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

நான் தலையாட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கல் விழுந்தது மழை நாளில். கையில் எடுத்தாலே உதிர்ந்தது. ஈரமில்லாத இடம் தோட்டத்திலேயே புகைக்கூடம்தான் என்று துரையே அங்கே வைக்கச் சொன்னாராம். கல் முழுசாக இருக்கவேண்டும், உடைந்தால் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு ஓடவேண்டும் என்றும் சொன்னாராம். சூட்டில் காய்ந்த கல் தானாக மூன்றாகப் பிளந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருதான் ஒட்டுனாரு ஐயா. வீரன்னு பேரு. பால வடிகட்டி, சொட்டு ஆசிட்டு விட்டு, கோழி எறகால தடவி ஒட்டுனாரு. நாந்தான் புடிச்சிக்கிட்டேன். அவருக்கு உருள மெசின்ல மாட்டிக் கால் வெளங்காமப் போச்சு. அடுப்பு பாக்குற வேலதான் செய்ய முடியும். இங்க வெரட்டிட்டா வேற தோட்டத்துல சேக்க மாட்டாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"துரை இதை வானத்து ரப்பர் என்று நினைப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்லா. ஒடைஞ்சா ஒட்டுவோம். செருப்பு, பக்கெட்டு, கூரை எல்லாத்தையும் அப்படித்தான் ஒட்டுவோம். தொர சிரிச்ச மொகமா கல்ல எடுத்துக்கிட்டுப் போனாரு, பொழைச்சோம்னு நெனச்சோம்."

சம்பல் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இறங்கவில்லை. கடல் தாண்டி வந்து ஒரு பொய்யை உடைப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பொய்யோடு நாலு பேர் குடியிருந்த வீடும் உடையும் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"சென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவிடுகிறேன்" என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்து. சுங்காய்ப் பக்கத்திலிருந்தும் ஈப்போவிலிருந்தும் துரைமார் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். விருந்தாளிகளில் ஒல்லியாக, சிவந்த மூக்கோடு ஒருவர், சுங்காய்த் தோட்டத்துக்காரர். எங்கள் துரைக்கும் அவருக்கும் ஆகாது என்பது கைகுலுக்கிய விதத்திலேயே தெரிந்தது.

கல்லை மேஜையில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள் என்று துரை அதை ஒரு மரத்தட்டில் வைத்து ஓர் ஆளிடம் கொடுத்து நிற்கச் சொல்லியிருந்தார். "இவன் உடைக்க மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஆள் ஒரு காலைச் சாய்த்து வைத்துச் சுவரோரம் நின்றார். யாரென்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில், கழுவிய தட்டுகளோடு அஞ்சலை நின்றாள்.

துரைமார் ஆங்கிலத்தில் விவாதித்தார்கள். என் காதில் விழுந்ததைத் தமிழில் தருகிறேன்.

"வானத்து ரப்பரை நம் ஏற்றுமதி அளவில் சேர்ப்பார்களா?"

"சேர்க்கக் கூடாது. அது இங்கே விளையவில்லை."

"அப்படியானால் இறக்குமதி. சுங்க வரி கட்டவேண்டும்."

"எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று எழுதுவீர்கள்?"

"பேராக் மண்ணில் விழுந்தது, கோலா கங்சாரில் சுல்தானைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது" என்றார் இன்னொருவர். எல்லாரும் கொஞ்ச நேரம் கவலையோடு சுருட்டுப் பிடித்தார்கள். இவ்வளவு படித்தவர்கள் ஒன்றுகூடி இவ்வளவு சிரத்தையாகப் பேசி நான் எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுவில்கூடக் கேட்டதில்லை.

துரை என்னைப் பார்த்து ஆங்கிலத்திலேயே கேட்டார். "இது ரப்பரா?"

"ரப்பர்தான்."

"கல் வானத்திலிருந்து வந்ததா?"

"அதிலும் சந்தேகமில்லை" என்றேன். கூட்டம் கைதட்டியது. "ஆனால் சென்னைக்குக் கொண்டுபோய்..." என்று நான் தொடங்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் சொன்ன இரண்டு உண்மைகளையும் ஒட்டி அவர்களே ஒரு பொய்யைச் செய்துகொண்டார்கள்.

அப்போதுதான் சிவந்த மூக்குக்காரர் சொன்னார்: "எனக்கு ஒன்று தோன்றுகிறது. கல்லை உன் கூலிகளில் ஒருவன் கீழே போட்டு உடைத்திருப்பான். பயந்துபோய் ரப்பர்பாலால் ஒட்டியிருப்பான்."

ஆங்கிலமானாலும் 'கூலி' என்ற சொல் எல்லாருக்கும் புரியும். சுவரோரம் மரத்தட்டு லேசாக ஆடியது. வாசலில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

துரையின் முகம் சிவந்தது. "என் கூலிகளா?" என்றார். "கடித உறையை ஒட்டச் சொன்னால் விரலோடு சேர்த்து ஒட்டுகிறவர்கள். இந்த வேலையைப் பார். இது கூலியின் கை செய்கிற வேலையா?" பிறகு, வந்தவர்களுக்குத் தன் தமிழைக் காட்ட, என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச ஆளு. நீ சொல்லு. கூலி இப்படி ஒட்ட முடியுமா?"

தமிழில் கேட்டார். அறையில் அது புரிந்தவர்கள் அவரைத் தவிர மூன்று பேர். நான் வீரனைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவர் கண் கல்லின் மேலேயே இருந்தது.

"முடியாது" என்றேன்.

"நல்லா சொல்லு."

"முடியவே முடியாது. இவ்வளவு நேர்த்தி கூலிக்காரன் கையில் வராது."

துரை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கொஞ்சம் கூட்டியும் சொன்னார். சிவந்த மூக்குக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார். வீரன் வாயைத் திறந்தார். எதையோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. வாசலில் அஞ்சலை ஒரு தட்டைக் கீழே போட்டாள். துரை அவளைத் திட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள் வீரன் வாயை மூடிக்கொண்டார். அவள் கை தவறித்தான் போட்டாளா என்று நான் கேட்கவில்லை.

கல்லை லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என்று அங்கேயே முடிவாயிற்று. கப்பலில் உதிர்ந்துவிடுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். துரை உடனே வீரனைக் கூப்பிட்டார். "பால் எடு. கல் முழுக்கத் தடவு. புகை போடு. நல்லா ஒட்டு. உடைச்சா தோட்டம் விட்டுப் போ." உறைகூட ஒட்டத் தெரியாத கைக்கு அடுத்த பேச்சிலேயே வானத்தை ஒட்டும் உத்தரவு வந்துவிட்டது. அந்த அறையில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

கல்லுக்குள் இருந்த சாம்பல் துண்டை எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். அதில் ரப்பர் இல்லை என்று பெரிய கிராணியைக் கூப்பிட்டனுப்பி விசாரித்துத் தெரிந்துகொண்டு, துரை பேனாக்கத்தியால் நோண்டி எடுத்து, கடலைக்கொட்டை கொடுப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தார். உலகத்திலேயே அபூர்வமான பொருளை நான் மடித்த கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பேராசிரியருக்கு ஒரு கட்டுரைக்கு ஆயிற்று.

மறுநாள் காலை மாட் காரோடு வந்தார். அஞ்சலை இலைப் பொட்டலத்தில் புளிச்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க வயித்துல பால வாத்தீங்க ஐயா" என்று கும்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பொய் சொல்லி இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

வீரன் சற்றுத் தள்ளி நின்றார். கார் கிளம்பும் சமயத்தில் காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"நீங்க எங்கள காப்பாத்திட்டீங்க. இல்லேங்கல" என்றார். "ஆனா அந்த ஒட்ட நீங்க கையில வச்சிப் பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"நல்லா இருந்திச்சா இல்லியா?"

"நான் கல் ஒட்டியே சம்பளம் வாங்குகிறவன். என்னால் அப்படி ஒட்ட முடியாது."

அவர் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. "நேத்து 'முடியாது'ன்னு சொன்னீங்களே, அப்ப எனக்குக் கொடலு எரிஞ்சிருச்சு ஐயா. வெரட்டுனாலும் பரவால்ல, நாந்தான்டான்னு சொல்லிரலாம்னு வாய் வந்துச்சு. இவ தட்டப் போட்டுட்டா." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "அங்க ஊருக்குப் போயி நாலு பேருகிட்டயாவது சொல்லுங்க. ஒட்டுனது வானம் இல்ல, வீரன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். கல் இப்போது லண்டனில் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே பூசிய ரப்பரோடு இருக்கிறதாம். இனி அதை யார் சோதித்தாலும் எந்தப் பால் எப்போது பூசியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் நான் எழுதினால்தான் உண்டு. கூலிக்காரன் கையால் அப்படி ஒட்ட முடியும். ஒட்டியவரை எனக்குத் தெரியும். துரைக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் பெரிய கிராணிக்கு வரும்; படித்தால் துரையிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். ஆகையால் இந்தக் கட்டுரையில் எல்லாம் உண்மை, அஞ்சலை என்ற பெயரையும் வீரன் என்ற பெயரையும் தவிர.